ஏரிக்குப் பெயர் தந்த படைத்தலைவர்: சாலையோர வரலாற்றுப் பலகையை வாசிக்கும் முறை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 95ஆம் எண் இடைமாநில நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போகிறவர்கள், சாண்டீ என்ற சிற்றூரை அடைவதற்குச் சற்று முன்பு ஒரு நீண்ட பாலத்தின் மீது பரந்த நீர்ப்பரப்பைக் கடக்கிறார்கள். அதுதான் மேரியன் ஏரி. சுமார் 1,10,000 ஏக்கர் பரப்புடன் அம்மாநிலத்தின் மிகப் பெரிய ஏரியாக விளங்கும் இதற்குப் பெயர் தந்தவர், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படைகளைச் சதுப்புக் காடுகளுக்குள் அலைக்கழித்த ஃபிரான்சிஸ் மேரியன். ஏரியின் தென்கரையை ஒட்டிச் செல்லும் உள்சாலைகளில் அவரையும் அவர் காலத்துப் போர்களையும் நினைவுகூரும் உலோகப் பலகைகள் கம்பங்களின் மீது நிற்கின்றன. பெரும்பாலோர் வண்டியை நிறுத்தாமலே அவற்றைக் கடந்துவிடுகிறார்கள். நிறுத்துகிறவர்களும் ஒரு படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அந்தப் பலகைகளை எப்படிக் கண்டடைவது, எந்த வரிசையில் வாசிப்பது, அவை சொல்வதை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதை மேரியனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். வேறு எந்த ஊரின் பலகைக்கும் இம்முறை பொருந்தும்.

முதலில் வழி. இடைமாநில நெடுஞ்சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இப்பலகைகள் கண்ணில் படமாட்டா. தெற்கே வரும்போது 98ஆம் எண் வெளிவழியில் இறங்கி, 6ஆம் எண் மாநிலச் சாலையில் கிழக்கே திரும்பி, யூட்டாவில் ஊரைக் கடந்தால் யூட்டா ஊற்றுப் போர்க்களப் பூங்கா வரும். அங்கிருந்து 45ஆம் எண் சாலையில் பைன்வில் நோக்கிச் சென்றால், மேரியனின் கல்லறை உள்ள பெல் ஐல் தோட்டப்பண்ணையின் இடுகாட்டுக்குப் பிரியும் வழியைக் காணலாம். பிரிட்டிஷாரின் வாட்சன் கோட்டை இருந்த மேடு ஏரியின் மறுகரையில், சாண்டீ தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் உள்ளது. அதற்குப் பாலத்தைக் கடப்பதற்கு முன்பே 102ஆம் வெளிவழியில் இறங்கிவிட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றாலும், கோடையில் கொசுவும் புழுக்கமும் கடுமையாக இருக்கும் நிலம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பலகையைக் கண்டவுடன் பிரேக்கை அழுத்த வேண்டாம். உள்சாலைகள் குறுகியவை, மரம் ஏற்றிய லாரிகள் வேகமாக வரும். பலகையைக் கடந்து சென்று, சாலைக்கு வெளியே மண் இறுகிய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து திரும்புவதே முறை. தென் கரோலினாவின் பலகைகள் பலவற்றில் வாசகம் ஒரு பக்கத்தில் முடிவதில்லை, பின்புறத்தில் தொடர்கிறது. ஆகவே இரு பக்கங்களையும் தனித்தனியே படமெடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு படத்தைச் சற்றுத் தொலைவிலிருந்து, சாலையும் சுற்றுப்புறமும் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். பலகை எங்கே நிற்கிறது என்பது, பலகை என்ன சொல்கிறது என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. கைபேசியின் இடங்காட்டியில் அவ்விடத்தைக் குறித்துக்கொள்வதும் பின்னால் உதவும்.

இனி வாசிப்பு. தலைப்பிலிருந்து தொடங்குவதே இயல்பு. நான் பரிந்துரைப்பது கடைசி வரியிலிருந்து தொடங்குவது. பலகையை நிறுவிய அமைப்பின் பெயரும் நிறுவிய ஆண்டும் அடியில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். தென் கரோலினாவில் இத்திட்டத்தை நடத்துவது மாநில ஆவணங்கள் மற்றும் வரலாற்றுத் துறை. வாசகத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அத்துறையின் பொறுப்பு. ஆனால் பலகை வேண்டும் என்று விண்ணப்பித்துச் செலவை ஏற்பது பெரும்பாலும் உள்ளூர் வரலாற்றுக் கழகமோ, தேவாலயமோ, குடும்பச் சங்கமோ, ஊராட்சியோதான். யார் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கொண்டே வாசகம் எதை வலியுறுத்தும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆண்டு அதைவிட முக்கியம். 1940க்கு முன் நிறுவிய பலகை பேசும் நிலப்பரப்பு வேறு, பின்னர் நிறுவிய பலகை பேசும் நிலப்பரப்பு வேறு. இடையில் ஏரி வந்துவிட்டது.

பலகைக்கு ஒரு எண்ணும் உண்டு. கோட்டுக்கு முன்னுள்ள எண் மாவட்டத்தையும், பின்னுள்ள எண் அம்மாவட்டத்துப் பலகைகளின் வரிசையையும் குறிக்கும். மாவட்டங்களை ஆங்கில அகரவரிசைப்படி எண்ணியிருப்பதால் பெர்க்லி 8 என்றும், கிளாரண்டன் 14 என்றும், ஆரஞ்ச்பர்க் 38 என்றும் வரும். பின்னர் மாநிலத்தின் பட்டியலில் தேடுவதற்கு இந்த எண்ணே மிக எளிய திறவுகோல்.

அடுத்துப் பார்க்க வேண்டியது திசையும் தொலைவும். 'இங்கிருந்து வடக்கே ஒரு மைல்' என்ற வகைத் தொடர் இத்தகைய பலகைகளில் அடிக்கடி வரும். நிகழ்வு நடந்த இடத்தில் பலகை நிற்பதில்லை, வண்டிகள் போகும் இடத்தில் நிற்கிறது என்பதை அந்தத் தொடரே ஒப்புக்கொள்கிறது. சாண்டீ ஆற்றுப் பகுதியில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. பலகை காட்டும் திசையில் நடந்து போனால் நிலமே இல்லாமல் தண்ணீர் வந்து நிற்கலாம்.

அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏரியின் பெயரைப் புரிந்துகொள்ள வேறு வழியில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 1934இல், தென் கரோலினா சட்டமன்றம் சாண்டீ கூப்பர் என்று பின்னர் அறியப்பட்ட மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தை உருவாக்கியது. சாண்டீ ஆற்றை அணையிட்டுத் தேக்கி, அந்த நீரைக் கால்வாய் வழியே இன்னொரு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து கூப்பர் ஆற்றில் விழச்செய்து மின்சாரம் எடுப்பது திட்டம். 1939இல் வேலை தொடங்கியது. 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சதுப்பையும் காட்டையும் வெட்டிச் சமன்செய்தார்கள். 901 குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 6,000 கல்லறைகள் இடம் மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நெருங்கியதால் அவசரம் கூடி, மேல் நீர்த்தேக்கத்தில் மரங்களை முழுமையாக வெட்டாமலே நீரை நிரப்பினார்கள். இன்றும் மேரியன் ஏரியில் படகோட்டுகிறவர்களை அச்சுறுத்தும் சைப்ரஸ் அடிமரங்கள் அந்த அவசரத்தின் எச்சம். 1942 பிப்ரவரியில் முதல் மின்சாரம் கிடைத்தது. மேல் நீர்த்தேக்கத்துக்கு மேரியன் பெயரும், கீழ் நீர்த்தேக்கத்துக்கு அவருடைய பழைய மேலதிகாரி வில்லியம் மூல்ட்ரியின் பெயரும் சூட்டப்பட்டன.

ஆக, மேரியன் இறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்தே இந்த ஏரி பிறந்தது. அவர் இதைக் கண்டதில்லை. இதைவிடக் கசப்பான செய்தி, அவர் வாழ்ந்து மறைந்த பாண்ட் பிளஃப் தோட்டப்பண்ணையே இத்திட்டத்தின் நீரில் மூழ்கிவிட்டது என்பது. ஒருவரின் வீட்டை மூழ்கடித்த நீருக்கு அவர் பெயரையே வைப்பதை மரியாதை என்பதா, முரண் என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

பெயர்க்காரணத்தைச் சரிபார்க்கும்போது ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். அதே மாநிலத்தில் மேரியன் மாவட்டமும் மேரியன் நகரமும் உள்ளன, அவையும் இவர் பெயரால்தான் விளங்குகின்றன. ஆனால் மேரியன் ஏரி மேரியன் மாவட்டத்தைத் தொடுவதில்லை. மாவட்டம் வடகிழக்கே பீடீ ஆற்றுப் பகுதியில் இருக்கிறது. 1936இல் உருவான ஃபிரான்சிஸ் மேரியன் தேசியக் காடு இன்னொரு பக்கம் கடற்கரையை நோக்கிக் கிடக்கிறது. ஆகவே ஒரே பெயரைக் கண்டதும் ஒரே இடம் என்று முடிவுகட்டிவிடாமல், எந்த ஆண்டில், எந்த அமைப்பு, எதற்குப் பெயர் வைத்தது என்று ஒவ்வொன்றையும் தனியே கேட்க வேண்டும். வேறு சில ஊர்களில் ஏரிக்கு நேராகப் படைத்தலைவரின் பெயர் வந்திருக்காது. அவர் பெயரை முதலில் ஓர் ஊர் பெற்று, அந்த ஊரின் பெயரை ஏரி பெற்றிருக்கும். அத்தகைய இடத்தில் 'இவர் நினைவாகப் பெயரிடப்பட்ட ஏரி' என்று எழுதுவது பாதி உண்மைதான்.

மூழ்கிய நிலத்தைக் கண்ணால் காண்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் பழைய நிலப்படங்களை எல்லாம் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. நீங்கள் இடங்காட்டியில் குறித்துவந்த இடத்தைத் தேடி, 1941க்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆற்றின் பழைய வளைவுகளும், இன்று நீருக்குள் முடிந்துபோகும் சாலைகள் அன்று எங்கே சென்றன என்பதும் புலப்படும். இன்னும் பின்னே போக விரும்பினால், ராபர்ட் மில்ஸ் 1825இல் வெளியிட்ட தென் கரோலினா மாவட்ட வரைபடத் தொகுதி உண்டு. அதன் சார்ல்ஸ்டன் மாவட்டப் படத்தில் தோட்டப்பண்ணைகள் உரிமையாளர் பெயர்களோடு குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பலகையைப் புரிந்துகொள்ள எதற்கு இத்தனை பாடு என்று தோன்றலாம். 'இங்கிருந்து' என்ற ஒரு சொல்லின் பொருள் இந்தப் படங்களில்தான் கிடைக்கிறது.

அடுத்தது பதவிப் பெயர். 'ஜெனரல்' என்ற சொல்லைக் கண்டால் எந்தப் படையின் ஜெனரல் என்று கேட்க வேண்டும். மேரியன் 1775இல் தென் கரோலினாவின் இரண்டாம் படைப்பிரிவில், மூல்ட்ரியின் கீழ் கேப்டனாகச் சேர்ந்தார். 1776 ஜூன் 28 அன்று, பனைக் குடும்பத்து பால்மெட்டோ மரத்துண்டுகளாலும் மணலாலும் எழுப்பிய சலிவன் தீவுக் கோட்டையைப் பிரிட்டிஷ் கப்பல்களிடமிருந்து காத்தவர்களில் அவரும் ஒருவர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையேற்ற கண்டப் படையில் அவர் பெற்றிருந்த பதவி லெப்டினன்ட் கர்னல். பிரிகேடியர் ஜெனரல் பதவியோ, 1780இன் இறுதியில் ஆளுநர் ஜான் ரட்லெட்ஜ் அவருக்கு அளித்த மாநிலக் குடிப்படைப் பதவி. இவ்வேறுபாட்டை அறிந்தால் அவருடைய போர்முறையும் விளங்கும். அவர் நடத்திச் சென்றவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றித் தம் சொந்தக் குதிரையில் வந்து, விதைப்புக் காலத்தில் வீடு திரும்பிவிடும் உழவர்கள். அத்தகைய படையைக் கொண்டு திறந்தவெளியில் நின்று போரிட முடியாது. திடீரெனத் தாக்கிவிட்டுச் சதுப்புக்குள் மறைவதே அதற்கு இயலும்.

தேதிகளைக் கையாளுவதில் தனிக் கவனம் வேண்டும். மேரியன் பிறந்தது 'சுமார் 1732' என்றுதான் எங்கும் காண்பீர்கள். அந்தச் 'சுமார்' எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய கல்லறைக் கல்லே காட்டிக்கொடுக்கிறது. அவர் 1795 பிப்ரவரி 27 அன்று, தம் 63ஆம் வயதில் மறைந்தார் என்கிறது அந்தக் கல். 63ஆம் வயதில் என்றால் 63 நிறைந்து என்று பொருளல்ல. 62 நிறைந்து 63 நடந்துகொண்டிருந்தது என்று பொருள். கணக்கிட்டுப் பார்த்தால் பிறப்பு 1732 பிப்ரவரி இறுதிக்கும் 1733 பிப்ரவரி இறுதிக்கும் இடையில் விழும். பழைய கல்வாசகங்களில் அகவையைக் குறிக்கும் இந்த முறையை அறியாமல் பலர் 63 நிறைந்தது என்று எடுத்துக்கொண்டு ஓராண்டு பிசகிவிடுகிறார்கள். இதோடு நாட்காட்டிச் சிக்கலும் சேரும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. அதற்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. வாஷிங்டனின் பிறப்பு பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11 என்றும், புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22 என்றும் அமைவது இதனால்தான். 1752க்கு முந்தைய சனவரி முதல் மார்ச் வரையிலான எந்தத் தேதியைப் பலகையில் கண்டாலும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

வீரச்செயல்களை விவரிக்கும் வரிகளில் ஆவணமும் கதையும் கலந்திருக்கும். பிரித்தறிய ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். 1780 மே 12 அன்று சார்ல்ஸ்டன் வீழ்ந்து அமெரிக்கப் படை மொத்தமாகச் சரணடைந்தபோது மேரியன் நகரில் இல்லை. அதற்குக் காரணம் கணுக்கால் காயம். இது உறுதியான செய்தி. ஆனால் மது விருந்தொன்றில் விருந்தளித்தவர் கதவுகளைப் பூட்டிவிட்டதாகவும், குடிக்க விரும்பாத மேரியன் மாடிச் சாளரத்திலிருந்து குதித்ததால் கால் முறிந்ததாகவும் சொல்லப்படுவது வழிவழிக் கதை. அதேபோல 1780 நவம்பரில் பனஸ்டர் டார்ல்டன் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படைத் தலைவர் அவரை ஏறத்தாழ 26 மைல் துரத்திக் களைத்துத் திரும்பியது வரலாறு. அந்தக் கிழட்டு நரியைச் சாத்தானாலும் பிடிக்க முடியாது என்று டார்ல்டன் சொன்னதாக வழங்குவதும், அதிலிருந்து 'சதுப்பு நரி' என்ற பட்டப்பெயர் கிளைத்ததாகக் கூறுவதும் மரபு. இத்தகைய கதைகளில் பலவற்றைப் பரப்பியது 1809இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு. அதை எழுதியவர், சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதையை உலகுக்குத் தந்த அதே பாதிரியார்தான். மேரியனோடு போரிட்ட பீட்டர் ஹாரி தாம் கொடுத்த குறிப்புகளை அந்தப் பாதிரியார் புனைகதையாக்கிவிட்டார் என்று வருந்தினார். ஆகவே பலகையில் உரையாடலோ, சுவையான ஒற்றை நிகழ்ச்சியோ வந்தால் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, நாளும் இடமும் படைப்பிரிவும் சொல்லும் வரிகளை மட்டும் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

கதையின் உதவியின்றியே வியப்பூட்டும் இடம் வாட்சன் கோட்டை. பழங்குடி மக்கள் எழுப்பிய ஒரு மேட்டின் உச்சியில் பிரிட்டிஷார் கோட்டை கட்டியிருந்தார்கள். 1781 ஏப்ரலில் மேரியனும் கண்டப் படை அதிகாரி ஹென்றி லீயும் அதை முற்றுகையிட்டபோது அவர்களிடம் பீரங்கி இல்லை. அருகிலிருந்த ஸ்காட் ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கிணறு தோண்டிக்கொண்டார்கள். பிறகு ஹெசகையா மகாம் என்ற அதிகாரியின் யோசனைப்படி, மரங்களை வெட்டி அடுக்கி, கோட்டையைவிட உயரமான கோபுரம் ஒன்றை இரவோடிரவாக நிறுத்தினார்கள். விடிந்ததும் அதன் மேலிருந்து துப்பாக்கி வீரர்கள் கோட்டைக்குள் நேராகச் சுட, ஏப்ரல் 23 அன்று கோட்டை சரணடைந்தது. அன்று தண்ணீர் மறுக்கப்பட்ட ஸ்காட் ஏரி இன்று மேரியன் ஏரிக்குள் கலந்து கிடக்கிறது. மேட்டின் மேல் ஏறி நின்று, கோபுரம் எந்தப் பக்கம் நின்றிருக்கக்கூடும் என்று சுற்றிலும் பார்த்தால், பலகையின் இரண்டு வரிகளுக்குப் பின்னால் உள்ள நிலவியல் தானே விளங்கும்.

யூட்டா ஊற்றுப் பூங்காவில் செய்ய வேண்டிய சோதனை வேறு. 1781 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தளபதி நதானியேல் கிரீன் தலைமையில் நடந்த போரில் மேரியனின் குடிப்படை முன்வரிசையின் வலப்பக்கத்தில் நின்றது. போருக்குப் பெயர் தந்த ஊற்று இன்று ஏரிக்கடியில் இருக்கிறது. பூங்காவில் பிரிட்டிஷ் மேஜர் ஜான் மார்ச்பேங்க்ஸின் கல்லறையைக் காணலாம். அதைப் பார்த்தவுடன் அவர் இப்போரில் இங்கேயே விழுந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. போருக்குச் சில வாரங்களுக்குப் பின் அவர் வேறிடத்தில் இறந்து வான்டூட் தோட்டப்பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நிலம் மூல்ட்ரி ஏரிக்குள் போகவிருந்ததால் 1941இல் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். கல்லறைக் கல்லைக் கண்டால் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டார்' என்பதற்கும் 'இங்கே மாற்றப்பட்டார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிய வேண்டும். மூல்ட்ரியின் உடலும் 1978இல்தான் சலிவன் தீவுக்கு மாற்றப்பட்டது.

கடைசியாக, பலகை எதைச் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் பொறிக்க இடம் சில வரிகளுக்குத்தான் உண்டு, ஆகவே விடுபடுதல் எல்லாவற்றையும் குற்றமாக எண்ண வேண்டியதில்லை. இருந்தாலும் சில விடுபடுதல்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மேரியன் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த பண்ணையாளர். அவருடைய நெல்லும் பிற விளைச்சலும் அவர்கள் உழைப்பு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை விருந்தாகக் கொடுத்த கதையைச் சித்திரிக்கும் ஓவியம் வாஷிங்டன் நகரின் நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. அதில் கிழங்கு சுடும் கறுப்பினத்தவர் நெடுங்காலம் பெயரின்றியே இருந்தார். அவர் ஆஸ்கர் மேரியன், போர் முழுவதும் உடன் சென்ற அடிமை, என்று அடையாளம் காணப்பட்டு 2006இல்தான் அங்கே முறைப்படி சிறப்பிக்கப்பட்டார். பலகைக்கு முன் நின்று, 'இதில் வரும் பெயர்கள் யாருடையவை, பெயரில்லாமல் வேலை செய்தவர்கள் யார்' என்று கேட்டுக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை அதற்கென ஒதுக்கிவைப்பது என் பழக்கம்.

வீடு திரும்பியபின், பலகை வாசகத்தைப் படத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்றை எழுதுங்கள். பிழை தென்பட்டால் மாநில ஆவணத் துறைக்கே எழுத வேண்டும். பலகையின் எண், பிழையான வரி, திருத்தம், அத்திருத்தத்துக்கான மூல ஆவணத்தின் படி ஆகிய நான்கும் இருந்தால் ஒரு பக்கக் கடிதம் போதும். இணையத்தில் படித்தேன் என்பது சான்றாகாது. உயில், நிலப்பதிவு, படைக் கணக்கேடு, அக்காலக் கடிதம் போன்றவையே எடுபடும். பலகையின் அடியில் பெயர் பொறித்துள்ள உள்ளூர் அமைப்புக்கும் ஒரு படியை அனுப்பிவையுங்கள். அவ்விடத்தின் பழைய பெயர்களும், மூழ்கிய சாலைகளும், பெயர்க்கப்பட்ட குடும்பங்களும் அவர்கள் நினைவில்தான் இருக்கும். பதிலில் நீங்கள் கேட்காத செய்திகளும் சேர்ந்து வரக்கூடும்.